உள்ளத்தின் நீர்மட்டம் என்ன?



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் நஸீஹத் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

வைகை அணையைச் சுற்றி வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. மே மாதம் முடியப் போகிறது என்றாலே டீக்கடையில் பேப்பரைப் பிரித்தவுடன் அணை நிலவரம் எங்கே என்று தேடுவோம். பெரியாறு 142 அடிக்கு இன்று எத்தனை அடி, வைகை 71 அடிக்கு எத்தனை அடி, மஞ்சளாறு எப்படி, சோத்துப்பாறை எப்படி, சண்முகாநதி எப்படி. நீர்வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி. கம்பம் பள்ளத்தாக்கில் இரு போகம் நெல் விளையும் 14,707 ஏக்கருக்கும் ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை பேச்சாகவே இருக்கும். ஒரு குழி நிலம்கூட இல்லாதவருக்கும் அந்தக் கணக்கு தெரியும். பள்ளிக்கூடம் போகாத பெரியவருக்கும் தெரியும்.

தப்பில்லை. தண்ணீர் நம் பிழைப்பு. ஆனால் அதே டீக்கடையில் அதே மனிதரிடம், பாய், இன்று உங்கள் ஈமானின் நீர்மட்டம் என்ன, போன வருடம் இதே தேதியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் என்ன பதில் வரும்? உமர் (ரலி) அவர்கள், மறுமையில் நீங்கள் கணக்குக் கேட்கப்படுவதற்கு முன் உங்களை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு உபதேசம் செய்தார்கள். அந்தக் கணக்குக்குத்தான் முஹாஸபா என்று பெயர். அணைக்கு அதைத் தினமும் காலையில் செய்கிறார்கள். உள்ளத்துக்கு நாம் ரமளான் 27ஆம் இரவில் ஒரு தடவை செய்கிறோம், அதுவும் ஹஜ்ரத் துஆவில் அழுதால்.

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், வெளியே சொல்ல வெட்கமா இருக்கு. நாப்பது வருசமா தொழுறேன். ஆனா இப்பல்லாம் உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்ல. அல்லாஹு அக்பர்னு தக்பீர் கட்டினதும் போடி ஏலத்துல காய் கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னுதான் ஓடுது. ஸலாம் கொடுக்கும்போதுதான் தொழுகையில நின்னோம்னே ஞாபகம் வருது. எனக்கு ஈமான் போயிருச்சா?"

சகோதரர்களே! இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பல பேருடைய கேள்வி. அவர் வாய்விட்டுக் கேட்டார், நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவரிடம் நான் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹன்ளலா (ரலி) அவர்களின் சம்பவத்தை.

ஹன்ளலா (ரலி) அவர்கள் சாதாரண ஆள் அல்ல. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் எழுத்தர்களில் ஒருவர். ஒரு நாள் வழியில் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் அவரைச் சந்தித்து நலம் விசாரிக்கிறார்கள். அதற்கு ஹன்ளலா சொன்ன பதில், தாம் நயவஞ்சகனாகிவிட்டதாக. அபூபக்ர் (ரலி) திடுக்கிட்டு, ஸுப்ஹானல்லாஹ், என்ன பேசுகிறீர் என்கிறார்கள். ஹன்ளலா விளக்குகிறார்: நபியவர்களின் சபையில் இருக்கும்போது, அவர்கள் சொர்க்கத்தையும் நரகத்தையும் நினைவூட்டும்போது, அவற்றைக் கண்ணால் பார்ப்பது போலவே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி வீட்டுக்கு வந்ததும் மனைவி, மக்கள், நிலம் நீச்சு என்று மூழ்கிவிடுகிறோம், பெரும்பகுதி மறந்துபோகிறது.

அந்த ஹதீஸில் அரபியில் வரும் சொல் ளைஆத். விவசாய நிலம், தோட்டம், தொழில், பிழைப்பு எல்லாம் அதில் அடங்கும். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் மதீனாவில் ஒரு ஸஹாபியைத் திசை திருப்பியதும் தோட்டம் துரவுதான், இன்று கம்பத்திலும் சின்னமனூரிலும் நம்மைத் திசை திருப்புவதும் அதுதான்.

அடுத்து அபூபக்ர் (ரலி) சொன்னதைக் கவனியுங்கள். அவர்கள் இந்த உம்மத்தின் ஸித்தீக். எனக்கெல்லாம் அப்படி இல்லையே, நீர் தௌபா செய்யும் என்று அவர்கள் சொல்லவில்லை. அல்லாஹ்வின் மீது ஆணையாக எங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். இருவரும் சேர்ந்தே நபியவர்களிடம் போனார்கள். முழுவதையும் கேட்ட நபி (ஸல்) அவர்கள், என்னிடம் இருக்கும் அதே நிலையில், அதே நினைவில் நீங்கள் எப்போதும் இருந்துவிட்டால் மலக்குகள் உங்கள் படுக்கைகளுக்கே வந்து, நீங்கள் நடக்கும் பாதைகளுக்கே வந்து உங்களோடு கைகுலுக்குவார்கள். ஆனால் ஹன்ளலாவே, இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்று மூன்று தடவை சொன்னார்கள்.

இதைச் சொன்னதும் அந்தப் பெரியவர் முகத்தில் கொஞ்சம் ஈரம் வந்தது. "அத்தா, ஈமான் போனவனுக்கு ஈமான் போச்சேங்கிற கவலை வராது. உங்களுக்குக் கவலை வந்திருக்கு" என்றேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்பதைச் சிலர் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அல்லாஹ்வுக்கு, சனிக்கிழமை ராத்திரி ஷைத்தானுக்கு என்று பங்கு போடுகிறார்கள். ஹன்ளலா சொன்ன இரண்டாவது நேரம் எது? மனைவியோடு பேசுவது, பிள்ளையைக் கொஞ்சுவது, நிலத்தில் உழைப்பது. எல்லாம் ஹலால். ஹலாலில் மூழ்கியதற்கே அந்த மனிதர் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று நடுங்கினார். ஹராமுக்கு அந்த ஹதீஸில் நேரமே ஒதுக்கப்படவில்லை.

தொழுகையில் கவனம் சிதறுவதற்கு நபியவர்கள் மருந்தும் சொல்லித் தந்திருக்கிறார்கள். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் வந்து, ஷைத்தான் எனக்கும் என் தொழுகைக்கும் இடையே புகுந்து என் கிராஅத்தைக் குழப்புகிறான் என்று முறையிட்டபோது, அவன் கின்ஸப் என்ற ஷைத்தான், அவனை உணர்ந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி இடப்பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பும் என்றார்கள். அவர் அப்படியே செய்தார், அல்லாஹ் அதைப் போக்கிவிட்டான். இது முஸ்லிமில் உள்ளது. பக்கத்தில் ஆள் நிற்கும்போது அவர் மேல் படாமல், எச்சில் தெறிக்காமல் செய்ய வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இன்னொரு சம்பவம் வருகிறது. அபூதல்ஹா (ரலி) தம் தோட்டத்தில் தொழுதுகொண்டிருக்கிறார்கள். ஒரு புறா பறந்து வந்து, மரங்கள் அடர்த்தியாக இருந்ததால் வெளியே போக வழி தெரியாமல் அங்கும் இங்கும் அலைகிறது. நம் தோட்டம் இவ்வளவு செழிப்பா என்று அவர்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கண் அந்தப் புறாவின் பின்னால் போகிறது. திரும்பி வந்து பார்த்தால் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தெரியவில்லை. நேரே நபியவர்களிடம் போய், இந்தச் செல்வம் என்னைச் சோதனையில் தள்ளிவிட்டது, இது ஸதகா, நீங்கள் விரும்பிய இடத்தில் இதைச் செலவிடுங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். யாரும் பயந்துவிட வேண்டாம், தென்னந்தோப்பை எழுதிக் கொடுங்கள் என்று பள்ளி நிர்வாகம் என்னைச் சொல்லச் சொல்லவில்லை! ஒரு தொழுகை சிதைந்ததற்கு அவர்கள் போட்ட மதிப்பு ஒரு தோட்டம். நாம் போடும் மதிப்பு என்ன, அதை மட்டும் யோசிப்போம்.

ஆவியாகும் நீர்

2017 ஏப்ரல் மாதம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மழை பொய்த்து அணை வறண்டு கிடந்த காலம். மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கட்டும் என்று தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி நீரில் மிதக்க விட்டார்கள். காற்று அடித்தது, அட்டைகள் கரை ஒதுங்கிவிட்டன. நாடே சிரித்தது. இன்றும் வெளியூரில் போய் வைகை அணை என்றால் அதைத்தான் கேட்கிறார்கள். நான் சிரிப்பதற்காக இதை எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பரிகாசம் செய்வதை ஹுஜுராத் சூராவில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். ஆவியாகிறது என்ற கவலை சரியான கவலைதான். மதகு வழியாகப் போகும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கணக்கில் ஏறும். வெயிலில் போகும் தண்ணீர் சத்தமில்லாமல் போகும்.

ஈமானும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. யாரும் ஒரு நாள் காலையில் எழுந்து இனி தொழப்போவதில்லை என்று முடிவு செய்வதில்லை. முதலில் ஸுப்ஹு ஜமாஅத் போகும். பிறகு ஸுப்ஹே களாவாகும். பிறகு களா தொழுவதும் நிற்கும். அதற்குள் இரண்டு வருடம் ஓடியிருக்கும், இன்ன நாளில் விட்டோம் என்று அவருக்கே தெரியாது. ஆடை நைந்துபோவதைப் போல உங்கள் உள்ளத்தில் ஈமான் நைந்துபோகிறது, அதைப் புதுப்பித்துத் தருமாறு அல்லாஹ்விடம் கேளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹாகிமில் வருகிறது. கிழிந்துபோகிறது என்று சொல்லவில்லை, நைந்துபோகிறது என்றார்கள். கிழிந்தால் உடனே தெரியும். நைந்தால் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டே இருப்போம்.

இதைத் தடுக்க நாம் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை காலையில் ஜும்ஆ முபாரக் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். வண்டிக் கண்ணாடியில் மாஷா அல்லாஹ் ஸ்டிக்கர். போன் அடித்தால் நஷீத். இவையெல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே மிதப்பவை, லேசானவை, ஒரு காற்று அடித்தால் கரை ஒதுங்கிவிடும்.

பெரிய அளவில் நாம் இதைப் பார்த்தும் விட்டோம். 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்து பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன. ஜும்ஆ இல்லை. அந்த ரமளானில் தராவீஹ் ஜமாஅத் இல்லை, பெருநாள் தொழுகைக்குத் திடல் இல்லை. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அழுதவர்களை நான் பார்த்தேன். யா அல்லாஹ், ஒரு தடவை திறந்துவிடு, இனி ஒரு வக்துகூட விடமாட்டேன் என்று அழுதார்கள். அல்லாஹ் திறந்துவிட்டான். முதல் ஜும்ஆவில் இடம் போதவில்லை. இப்போது நாளை ஸுப்ஹுக்கு வந்து பாருங்கள், இடம் நிறைய இருக்கிறது. அந்தக் கண்ணீர் பொய் இல்லை. தினமும் நீர்வரத்து இல்லாததால் அது வற்றிப்போனது.

அடியில் சேரும் வண்டல்

ஆவியாவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

1959ல் காமராஜர் இந்த அணையைத் திறந்துவைத்தார். அன்றும் முழுக் கொள்ளளவுக்கான நீர்மட்டம் 71 அடி. இன்றும் 71 அடி. ஆனால் அன்று 71 அடியில் நின்ற தண்ணீர் அளவும் இன்று 71 அடியில் நிற்கும் தண்ணீர் அளவும் ஒன்றா? இல்லை. இத்தனை வருடங்களாக வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அடியில் படிந்து கிடக்கிறது. அதனால்தான் விவசாயிகள் தூர்வாருங்கள், தூர்வாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அளவுகோல் 71 காட்டும். உள்ளே இருப்பதில் ஒரு பங்கு சேறு.

சகோதரர்களே! வெளியிலிருந்து பார்த்தால் நம் அளவுகோலும் நன்றாகத்தான் காட்டுகிறது. ஐந்து வேளைத் தொழுகை, நோன்பு, ஹஜ், உம்ரா. இமாம் ஓதிய கிராஅத்தும் எல்லோருக்கும் ஒன்றுதான், ரமளானில் இறங்கும் ரஹ்மத்தும் எல்லோருக்கும் பெய்கிறது. அர்ரஃது சூராவில் அல்லாஹ் ஓர் உவமை சொல்கிறான்: வானத்திலிருந்து நீரை இறக்குகிறான், ஓடைகள் ஒவ்வொன்றும் தத்தம் கொள்ளளவுக்கு ஏற்ப ஓடுகின்றன. மழையில் குறை இல்லை. நம் உள்ளத்தில் சேறு நிறைந்திருந்தால் மழை கொஞ்சம் பெய்தாலே நிரம்பி வழிந்துவிடும், தங்காது. ஓர் அடியான் பாவம் செய்தால் அவன் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது, அவன் விலகி, பாவமன்னிப்புக் கேட்டால் அது துடைக்கப்படுகிறது, திரும்பத் திரும்பச் செய்தால் உள்ளத்தையே மூடிவிடுகிறது என்று திர்மிதியில் வரும் ஹதீஸின் கருத்தும் இதுதான்.

என்ன வண்டல்? இந்தப் பகுதியில் நாம் கண்ணால் பார்ப்பதையே சொல்கிறேன்.

நம் பன்னீர் திராட்சை ஊர் ஊராகப் போகிறது. பெட்டியின் மேலே கறுத்த, உருண்ட கொத்து. அடியில் சிவப்பும் உதிரியும் அழுகலும். ஒரு தடவை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்தபோது உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம். வியாபாரி, மழை நனைத்துவிட்டது என்றான். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவன் அல்ல என்றார்கள். மழை நனைத்தது அவன் குற்றம் இல்லை. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம். அந்தக் கை இன்று நம் பெட்டிக்குள் நுழைந்தால்?

தோட்டத்துக் கூலி. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் சாயங்காலம் இறங்கும் பெண்களின் கூலியை, காய் விற்கட்டும், அடுத்த வாரம் பார்ப்போம் என்று இழுப்பது. கூலியாளின் வியர்வை உலர்வதற்குமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. இதை நீட்டிப் பேசத் தேவையில்லை, கொடுக்க வேண்டியவருக்குத் தெரியும்.

இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். சகோதரியின் பங்கு. அத்தா வஃபாத்தாகி இருபது வருடம் ஆகியிருக்கும். வயல் இரண்டு அண்ணன் தம்பி பெயரில் இருக்கும். கூடப் பிறந்தவள் உத்தமபாளையத்திலோ பெரியகுளத்திலோ வாடகை வீட்டில் இருப்பாள். கேட்டால் மூன்று பதில் தயாராக இருக்கிறது. கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம் என்பார்கள். அவள் புருஷன் வீட்டில் வசதியாகத்தானே இருக்கிறாள் என்பார்கள். இரண்டும் எடுபடாவிட்டால், அவளே வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பார்கள்.

எப்படிப் போட்டாள்? பங்கு கேட்டால் அண்ணன் வீட்டு வாசல்படி மிதிக்க முடியாது, நாளைக்கு என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நிற்கமாட்டான் என்று பயந்து போட்டாள். உனக்கு இவ்வளவு பங்கு வருகிறது, அதன் மதிப்பு இவ்வளவு என்று அவள் கையில் கணக்கைக் கொடுத்துவிட்டு, பிறகு அவளாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. கணக்கே சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிப் போய் வாங்கும் கையெழுத்து சட்டத்தில் செல்லலாம். அந்நிஸா சூராவில் பங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன அல்லாஹ், அதே இடத்தில் இவை நான் வகுத்த வரம்புகள் என்கிறான், மீறுபவருக்கு நரகத்தைச் சொல்கிறான். தொழுகைக்கு எத்தனை ரக்அத் என்று குர்ஆனில் எண்ணிச் சொல்லாதவன் சகோதரியின் பங்கை எண்ணிச் சொல்லியிருக்கிறான்!

அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்தால் தௌபா இருக்கிறது, அவன் மன்னிப்பவன். அடியாருக்குக் கொடுக்க வேண்டியதை வைத்துக்கொண்டு தஹஜ்ஜுதில் எவ்வளவு அழுதாலும் அந்த வண்டல் அப்படியே இருக்கும். நீண்ட பயணம் செய்து, தலை கலைந்து, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கை ஏந்தி இறைவா இறைவா என்று கதறும் ஒரு மனிதனைப் பற்றி நபியவர்கள் சொன்னார்கள். உணவு ஹராம், பானம் ஹராம், உடை ஹராம், அவன் துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள். நமக்கு ஏன் தொழுகையில் ஒன்றும் தோன்றுவதில்லை என்று கேட்கும்போது கின்ஸப் ஷைத்தானை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. வீட்டுப் பத்திரப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

தினசரி நீர்வரத்து

வைகை அணையில் தேங்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மூல வைகையிலிருந்து கொஞ்சம். அதை விட்டால் பெரியாற்றுத் தண்ணீர். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆற்றை 1895ல் பென்னிகுவிக் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார். பாறைக்குள் புகுந்த தண்ணீர் லோயர் கேம்ப் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர் ஊராக நனைத்து நம் அணைக்கு வருகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அல்பகராவின் ஒரு வசனம் நினைவுக்கு வரும். உள்ளங்கள் கல்லைப் போல, இல்லை அதைவிடக் கடினமாகிவிட்டன, ஏனென்றால் கற்களிலும் ஆறுகள் பீறிட்டு ஓடும் கற்கள் உண்டு, பிளந்து தண்ணீர் சுரக்கும் கற்கள் உண்டு என்று அல்லாஹ் சொல்கிறான். கல்லுக்குள்ளும் வழி உண்டாக்கலாம். ஆனால் தண்ணீர் நாள்தோறும் வர வேண்டும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வது என்று நபி (ஸல்) சொன்னார்கள்.

அதற்காக வேலையை விட்டுவிட்டு மூலையில் உட்கார வேண்டாம். ஜாபிர் (ரலி) ஒரு பழக்கத்தைச் சொல்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. பயணத்தில் நாங்கள் மேட்டில் ஏறும்போது தக்பீர் சொல்வோம், இறங்கும்போது தஸ்பீஹ் சொல்வோம் என்கிறார்கள். நம்மைவிட இந்த ஸுன்னத்துக்கு வசதியான ஊர் எது? போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. தினமும் ஏறி இறங்குபவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஏறும்போது அல்லாஹு அக்பர், நாம் உயர உயர அவன் அதைவிடப் பெரியவன். இறங்கும்போது ஸுப்ஹானல்லாஹ், தாழ்வு நமக்குத்தான், அவனுக்கு இல்லை. ஒரு வளைவுக்கு ஒரு தடவை சொன்னாலும் போகவர 34 தடவை ஆயிற்று. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டியதில்லை. போனை எடுப்பதைவிட ஆபத்தும் இல்லை.

அடுத்து உளூ. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்வார்கள். ஒரு முத்து என்பது இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு, ஒரு லிட்டர்கூட வராது. நம் ஹவ்ளில் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டுப் பேசுகிறோம்! முல்க் சூராவின் கடைசியில் அல்லாஹ் கேட்கிறான், உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்று. 2017ல் அதன் ஓரத்தைப் பார்த்தோம். உளூச் செய்யும் அந்த இரண்டு நிமிடத்தில் பேச்சை நிறுத்தி, முகம் கழுவும்போது இது முகத்தின் பாவங்களையும் கழுவுகிறது என்று நினைத்துக் கழுவிப் பாருங்கள். தக்பீர் கட்டும்போது ஏலக்காய் விலை வந்தாலும் கொஞ்சம் தாமதமாக வரும். வீட்டு வாசலில் ஓர் ஆறு ஓடி, அதில் தினம் ஐந்து தடவை குளிப்பவன் உடம்பில் அழுக்கு தங்குமா என்று நபியவர்கள் கேட்டது ஐவேளைத் தொழுகையைப் பற்றித்தான். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்று எச்சரிக்கை

வைகை அணை 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை கொடுப்பார்கள். 68.5 அடியில் இரண்டாம் கட்டம். 69 அடியில் மூன்றாம் கட்டம், சங்கு ஒலிக்கும். அதன் பிறகு உபரி நீரைத் திறப்பார்கள். அப்போது ஆற்றுக்குள் நிற்பவன், எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஃபாத்திர் சூராவில், நரகவாசிகள் எங்களை வெளியேற்று, நல்லமல் செய்கிறோம் என்று கதறும்போது அல்லாஹ் சொல்லும் பதில் இருக்கிறது: சிந்திப்பவர் சிந்திக்கும் அளவுக்கு நாம் உங்களுக்கு ஆயுள் தரவில்லையா, எச்சரிப்பவரும் உங்களிடம் வந்தாரே என்பான். அந்த எச்சரிப்பவர் நபிதான் என்பதோடு, நரைமுடியும்தான் என்று விளக்கம் சொன்ன முஃபஸ்ஸிர்கள் உண்டு. அறுபது வயது வரை ஒருவருக்கு ஆயுளைத் தந்துவிட்டால் அவர் சாக்குச் சொல்ல அல்லாஹ் இடம் வைக்கவில்லை என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. சிலருக்கு முதல் எச்சரிக்கை சுகர் ரிப்போர்ட்டாக வரும். சிலருக்கு உடன் படித்தவனின் ஜனாஸாவாக வரும். நாம் நரைக்கு டை அடித்துவிட்டு, ஜனாஸாவில் மண் போட்டுவிட்டு, கபர்ஸ்தான் வாசலிலேயே நிலத்து விலை பேசுகிறோம்.

சகோதரர்களே! அல்ஹதீத் சூராவில் ஒரு கேள்வி வருகிறது. ஈமான் கொண்டவர்களின் உள்ளங்கள் அல்லாஹ்வின் நினைவுக்கு முன் பணிந்துவிடும் நேரம் இன்னும் வரவில்லையா என்று அல்லாஹ் கேட்கிறான். நாங்கள் இஸ்லாத்தைத் தழுவியதற்கும் இந்த வசனத்தின் மூலம் அல்லாஹ் எங்களைக் கண்டித்ததற்கும் இடையில் நான்கே வருடங்கள்தான் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) சொல்கிறார்கள். நான்கு வருடத்தில் ஸஹாபாக்களுக்கே புதுப்பித்தல் தேவைப்பட்டது. அதற்கு அடுத்த வசனத்திலேயே, பூமி இறந்த பின் அதை அல்லாஹ் உயிர்ப்பிக்கிறான் என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்கிறான். அதட்டிய கையோடு ஆறுதலும் தருகிறான். காய்ந்து வெடித்த வயலில் தண்ணீர் பாய்ந்த மூன்றாம் நாள் பச்சை துளிர்ப்பதைப் பார்த்தவர்கள் நாம்.

ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) பிற்காலத்தில் மாபெரும் இறைநேசர். முன்பு வழிப்பறிக் கொள்ளையர். ஒரு பெண்ணை நாடி இரவில் சுவர் ஏறிக்கொண்டிருந்தபோது யாரோ இந்த வசனத்தை ஓதும் சத்தம் காதில் விழுந்தது. ஆம் என் இறைவா, நேரம் வந்துவிட்டது என்று இறங்கிவிட்டார். இரவைக் கழிக்க ஒரு பாழடைந்த இடத்துக்குப் போனால் அங்கே ஒரு பயணக் கூட்டம். கிளம்பலாம் என்கிறார் ஒருவர். விடியட்டும், வழியில் ஃபுளைல் இருப்பான் என்கிறார் இன்னொருவர். அதைக் கேட்டு உடைந்துபோனார். நான் இரவெல்லாம் பாவத்தில் அலைகிறேன், இங்கே முஸ்லிம்கள் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அழுது, தௌபா செய்து, அவர்களுக்கு அபயம் அளித்தார். வசனம் அவரைச் சுவரிலிருந்து இறக்கியது. அடியார்களின் பயம் அவரை அழ வைத்தது.

நம்மைக் கண்டு யாராவது பயப்படுகிறார்களா? பங்கு கேட்கப் பயப்படும் சகோதரி, கூலி கேட்கப் பயப்படும் வேலைக்காரர், வாய் திறக்கப் பயப்படும் மனைவி? இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அப்படி ஒருவர் பெயரை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் அவருக்கு ஒரு போன் போட்டு, வாம்மா, அத்தா சொத்தில் உன் கணக்கைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் நைந்துபோன ஈமானைப் புதுப்பித்துத் தருவாயாக. தொழுகையில் வறண்டு நிற்கும் எங்கள் பெரியவர்களுக்கு அதன் இன்பத்தைத் திருப்பித் தருவாயாக. பிறர் உரிமையை எங்கள் கையிலிருந்து, எங்கள் மவ்த்துக்கு முன்பே, உரியவர்களிடம் சேர்த்துவைப்பாயாக. எங்கள் மலைகளில் மழையைத் தருவாயாக, அழிவு தராத, பலன் தரும் மழையாக அதை ஆக்கியருள்வாயாக. ஆமீன்.

அகூலு கவ்லீ ஹாதா, வஅஸ்தக்ஃபிருல்லாஹ லீ வலகும்.